ஃபார்மட் பண்ணலாமா, அக்கா?

லேப்டாப் திறக்கவில்லை என்று கடைக்குத் தூக்கிப் போனால், அது மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் பெஸ்தாரி ஜெயாவாக இருந்தாலும் சரி, கோல சிலாங்கூர் பட்டணமாக இருந்தாலும் சரி, பெரும்பாலும் காதில் விழும் முதல் கேள்வி இதுதான்: "ஃபார்மட் பண்ணலாமா, அக்கா?" கேட்கிற தம்பி மேல் குற்றமில்லை. அவரிடம் வருகிறவர்களில் பலருக்கு விண்டோஸ்தான் குழம்பியிருக்கும். இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினால் வேலை சீக்கிரம் முடியும். அக்காவும் பேசிய வெள்ளியைக் கொடுத்துவிட்டுப் போவார். கோளாறு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும்போதுதான் சிக்கல். யோசிக்காமல் சொல்லும் ஒரு "சரி"யில் குடும்பத்தின் பல வருஷக் கணக்கு துடைத்துப் போய்விடும்.

அப்படி என்னதான் அதற்குள் இருக்கிறது? தோட்டத்தை ஒட்டிய ஒரு தமிழ் வீட்டு லேப்டாப்பைத் திறந்து பார்த்தால் தெரியும். பிள்ளையின் எஸ்பிஎம் தேர்வுப் பயிற்சித் தாள்கள். பிடிபிடிஎன் கல்விக் கடனுக்காக ஸ்கேன் செய்த மைகாட் அடையாள அட்டை. அம்மா தமிழ்ப்பள்ளி ஆசிரியை என்றால் ஆண்டு முழுவதற்குமான பாடத்திட்டங்கள். அப்பா கோயில் செயலாளர் என்றால் வரவு செலவு, உறுப்பினர் பட்டியல், கூட்டக் குறிப்பு எல்லாம். 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டப்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் கணக்கோடு அறிக்கையைச் சங்கப் பதிவகத்துக்கு அனுப்பியாக வேண்டும். அந்த அறுபது நாளுக்குள் செயலாளரின் லேப்டாப் படுத்துக்கொண்டால் கோயில் நிர்வாகமே கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்.

இவற்றையெல்லாம் பாடுபட்டால் திரும்பத் தயாரித்துவிடலாம். படங்களை அப்படி முடியாது. கித்தா என்னும் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் எழும்பிய வட்டாரம் இது. இடிபட்ட லயத்து வீடுகளும், பழைய இடத்தில் நடந்த கடைசித் தீமிதியும், மூடிய பள்ளியின் வகுப்புப் படமும் பல குடும்பங்களில் ஒரே ஒரு லேப்டாப்பில்தான் கிடக்கின்றன. ஆல்பத்திலிருந்த படத்தையும் ஸ்கேன் செய்து அதில் போட்டுவிட்டு, ஆல்பத்தைக் கரையானுக்குக் கொடுத்தவர்கள் உண்டு. ஆகவே நான் சொல்லப்போவது பழுது பார்க்கும் முறையைவிட, எதை முதலில் செய்வது என்பதைப் பற்றித்தான். முதலில் பிரதி எடுக்க வேண்டும். பழுது அதற்கப்புறம்.

இத்தனை லேப்டாப் இந்தப் பக்கத்து வீடுகளுக்குள் வந்ததில் பெருந்தொற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 2021 ஜனவரியில் பள்ளித் தவணையே பிடிபிஆர் என்று வீட்டிலிருந்தபடி தொடங்கியது. குறைந்த வருமான பி40 குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 150,000 கருவிகள் தருவதாக ஹசானா அறக்கட்டளை வழியாகச் செர்டிக் திட்டம் அறிவிக்கப்பட்டது. அது கைக்கு வராதவர்களும் அதுவரை பொறுக்க முடியாதவர்களும் செகண்ட் ஹேண்டில் வாங்கினார்கள். அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய டெல், எச்பி, லெனோவோ வகைகள்தான் அதிகம். அவற்றில் பலவற்றில் சுழலும் தட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்தான் இருந்தது. வாங்கும்போதே நாலைந்து வயதான அந்த டிஸ்க்குகள்தான் இப்போது ஒவ்வொன்றாகப் படுக்கின்றன.

சரி, "திறக்கவில்லை" என்றால் எதுவரைக்கும் வந்து நிற்கிறது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.

பொத்தானை அழுத்தினால் விளக்கே எரியவில்லை, விசிறியும் சுற்றவில்லை என்றால் சந்தோஷப்படுங்கள். அது சார்ஜர், பேட்டரி, அல்லது உள்ளே இருக்கும் போர்டின் கோளாறு. பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்குக்கு இதில் சம்பந்தமே இருக்காது, கோப்புகள் பத்திரமாக இருக்கும். சார்ஜரைக் கழற்றி, ஒட்டியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, பொத்தானை அரை நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் செருகிப் பாருங்கள். தேங்கிய மின்சாரம் வடிந்து சில சமயம் தானாக எழுந்துவிடும்.

விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் எச்டிஎம்ஐ வயரால் வீட்டு டிவியோடு இணைத்துப் பாருங்கள். டிவியில் படம் வந்தால் திரை போய்விட்டது, அவ்வளவுதான். அங்கேயும் ஒன்றும் வராவிட்டால் ரேம் அட்டையைச் சந்தேகிக்கலாம். கழற்றித் துடைத்துத் திரும்பப் பொருத்தினாலே பல தடவை சரியாகிவிடுகிறது. இதுவும் ஹார்ட் டிஸ்க் வேலை இல்லை.

கம்பெனி லோகோ வந்து, அதற்கு அப்புறம் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வருகிறதே, அங்கேதான் நம் கதை தொடங்குகிறது. "நோ பூட்டபிள் டிவைஸ்", "ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்" என்று வரும். எச்பி என்றால் "பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்" என்று சொல்லி 3எஃப்0 என்ற எண்ணையும் காட்டும். சில விண்டோஸ் லேப்டாப்புகள் "ஆட்டோமேட்டிக் ரிப்பேர்" என்று அரை மணி நேரம் சுற்றிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து அதையே சொல்லும்.

இதைப் பார்த்ததும் ஹார்ட் டிஸ்க் செத்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஓரத்தில் பென் டிரைவ் செருகியிருக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், லேப்டாப் அதிலிருந்து விண்டோஸைத் தேடிக்கொண்டிருக்கலாம். பிடுங்கிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். அடுத்து, விண்டோஸ் எழும் முன்னே திறக்கும் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போக வேண்டும். டெல், ஏசர், ஆசுஸ் என்றால் பெரும்பாலும் எஃப்2. எச்பி என்றால் எஃப்10. லெனோவோவில் எஃப்1 அல்லது எஃப்2. லோகோ தெரியும்போதே அந்தப் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

உள்ளே போனதும் தேதியைப் பாருங்கள். பல வருஷம் பின்னால் போயிருந்தால், போர்டில் இருக்கும் சின்ன வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அது தீர்ந்தால் அமைப்புகள் எல்லாம் ஆலையில் வைத்த நிலைக்குத் திரும்பக்கூடும். திறக்கும் முறை யூஇஎஃப்ஐ என்று இருக்க வேண்டியது லெகசி என்று மாறிவிடலாம். டிஸ்க் கல்லுக்குண்டு போல நன்றாக இருக்கும், லேப்டாப்புக்கு மட்டும் அதைத் திறக்கத் தெரியாது. பல மாடல்களில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் சிஆர்2032 பேட்டரியைப் போட்டு, அந்த அமைப்பைப் பழையபடி மாற்றிவைப்பதுதான் இதற்கு மருந்து. இந்த நிலையில் ஃபார்மட்டுக்குத் தலையாட்டியவர்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

தேதி சரியாக இருந்தால், சேமிப்புக் கருவிகளின் பட்டியலில் ஹார்ட் டிஸ்க்கின் பெயர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் இணைப்பு தளர்ந்திருக்கலாம். பழைய மாடல்களில் அடிமூடியைத் திறந்து, டிஸ்க்கை இழுத்து மறுபடி செருகுவது கை நடுங்காத யாரும் செய்யக்கூடிய வேலைதான். பேட்டரியை முதலில் கழற்றிவிட வேண்டும். திரும்பச் செருகியும் பெயர் வராவிட்டால் டிஸ்க்கின் மின்சுற்று போயிருக்கலாம். பெயர் வருகிறது, ஆனாலும் விண்டோஸ் எழவில்லை என்றால் இரண்டில் ஒன்று: விண்டோஸ் கெட்டிருக்கும், இல்லையேல் டிஸ்க்கின் சில பகுதிகள் படிக்க முடியாமல் போயிருக்கும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல உங்கள் காதே உதவும்.

லேப்டாப்பை மேசையில் வைத்து, ஹார்ட் டிஸ்க் இருக்கும் பக்கம் காதை வைத்துக் கேளுங்கள். மெல்லிய உறுமல் சீராகக் கேட்டால் பயப்பட வேண்டியதில்லை. டிக்... டிக்... டிக் என்று ஒரே இடைவெளியில் தட்டுகிறதா? சுற்றத் தொடங்கி, நின்று, மறுபடி தொடங்குகிறதா? உடனே பொத்தானை அழுத்தி அணைத்துவிடுங்கள். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று திறந்து பார்க்கும் ஆசைதான் இங்கே எமன்.

ஏன் என்று சொல்கிறேன். சாதாரண லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிஷத்துக்கு 5,400 தடவை சுற்றுகிறது. தட்டின் விளிம்பு மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. தோட்டத்துச் சாலையில் மோட்டார் சைக்கிள் போகிற வேகம். அந்தத் தட்டுக்கு மேலே, சில நானோமீட்டர் உயரத்தில், படிக்கும் முனை மிதக்கிறது. தலைமுடியின் கனம் கிட்டத்தட்ட 80,000 நானோமீட்டர் என்றால் அந்த இடைவெளி எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சோபாவிலிருந்து லேப்டாப் விழுந்ததில் முனை வளைந்திருந்தால், அல்லது வயதாகித் தளர்ந்திருந்தால், அது தடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப ஓரத்துக்குப் போய் முட்டும். அதுதான் அந்த டிக் சத்தம். தட்டில் உரசினால் மேலே பூசிய காந்தப் படலமே சுரண்டப்படும். உங்கள் படங்கள் இருப்பது அந்தப் படலத்தில்தான். சுரண்டியது தூளாகி உள்ளேயே பறந்து, நல்ல பகுதிகளையும் கெடுக்கும்.

எச்சரிக்கை எதுவும் வராதா என்று கேட்கலாம். டிஸ்க் தன்னைத்தானே சோதித்துக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் என்ற பதிவு உண்டு. கூகுள் 2007இல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டது. தட்டில் முதல் படிப்புப் பிழை தெரிந்த டிஸ்க், அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு அதிகம் என்று அது கண்டது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: செத்த டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை, முக்கியமான நான்கு அடையாளங்களில் ஒன்றையும் காட்டாமலே செத்திருக்கின்றன. ஆகவே ஸ்மார்ட் மோசம் என்று சொன்னால் நம்புங்கள். நல்லது என்று சொன்னால் முழுதாக நம்பாதீர்கள்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கின் முதுகில் ஒட்டியிருக்கும் தாளைப் படித்துப் பாருங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் வகையாக இருந்தால் "புரோடக்ட் ஆஃப் மலேசியா" என்று இருக்கக்கூடும். அந்த நிறுவனம் பெட்டாலிங் ஜெயாவில், சுங்கைவே வர்த்தக வட்டாரத்தில், பல ஆண்டுகள் ஹார்ட் டிஸ்க் செய்தது. 1970களில் தொடங்கி, தோட்டத்துப் பெண் பிள்ளைகள் எலக்ட்ரானிக் ஆலைகளுக்குப் போனார்கள். விடியுமுன்னே ஆலை பஸ் வந்து ஏற்றிப் போகும். தலையில் உறை, முகத்தில் துணி, தூசு புகாத அறை. மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்து எட்டு மணி நேரம். 2018 ஜூலையில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் பெட்டாலிங் ஜெயா ஹார்ட் டிஸ்க் ஆலையை 2019 இறுதிக்குள் மூடப்போவதாக அறிவித்தது; அதே அறிவிப்பில் பினாங்கில் சுழலும் தட்டில்லாத எஸ்எஸ்டி உற்பத்தியைப் பெருக்கப்போவதாகவும் சொன்னது. தட்டு சுழலும் காலம் முடிந்துவருவதைச் சிலாங்கூர்க்காரர்கள் வேலைநீக்கக் கடிதமாகவே கையில் வாங்கினார்கள். அந்த ஆலைகளில் வேலை செய்த அக்காமாருக்கு நான் இப்போது சொல்லப்போவது புதிதாக இருக்காது: ஹார்ட் டிஸ்க்கின் மூடியை வீட்டில் திறக்கக் கூடாது. யூடியூப்பில் யாராவது திறந்து காட்டினாலும் கூடாது. ஒரு தூசு போதும்.

ஃபிரீசரில் வைத்தால் உயிர் வரும் என்று இன்னொரு கதை சுற்றுகிறது. நம் ஊர் ஈரக் காற்றில் குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்த உடனே தட்டின் மேல் நீர் படியும். இருந்ததும் போகும்.

டிக் சத்தம் எதுவும் இல்லை, பெயரும் பயாஸில் வருகிறது என்றால் நீங்களே பிரதி எடுக்க முயலலாம். அதற்கு விண்டோஸ் தேவையில்லை. வேறொரு கணினியில், உதாரணமாகப் பக்கத்து நாடி இணைய மையத்தில் (முன்பு பெடி என்று இருந்ததுதான்) கேட்டுப் பார்த்து, உபுண்டு லினக்ஸை இறக்கி 16 ஜிபி பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். அதிலிருந்து லேப்டாப்பைத் திறந்தால், "ட்ரை" என்றும் "இன்ஸ்டால்" என்றும் இரண்டு வழி காட்டும். "ட்ரை" மட்டும்தான். மற்றதை அழுத்தி, கேட்பதற்கெல்லாம் சரி சரி என்று போனால் கடைக்காரத் தம்பியின் வேலையை நீங்களே செய்துவிடுவீர்கள்.

உபுண்டுவில் "டிஸ்க்ஸ்" என்ற செயலி இருக்கிறது. அதில் ஸ்மார்ட் பதிவைத் திறந்து 5, 197, 198 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். கெட்டுப்போய் மாற்றிவைத்த பகுதிகள், படிக்க முடியாமல் காத்திருப்பவை, கைவிட்டவை என்று மூன்று கணக்கு. மூன்றும் பூஜ்யமாக இருந்தால் நிதானமாக எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுக்கலாம். ஏறியிருந்தால் வரிசை முக்கியம்: திரும்பக் கிடைக்காத படங்கள் முதலில், பிறகு கணக்கு, பிறகு சான்றிதழ்கள். சினிமாவும் பாட்டும் கடைசியில். அவற்றுக்காக டிஸ்க்கின் மிச்ச மூச்சைச் செலவழிக்காதீர்கள். கொஞ்சம் விவரம் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரலைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். அது கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது. படிக்க முடிகிறதை முதலில் அள்ளிவிட்டு, விட்ட இடங்களைக் குறித்துவைத்து, பிறகு திரும்பி வந்து முயலும். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முழு டிஸ்க்கையும் அப்படியே எடுப்பதால், பிரதி போகும் டிஸ்க் குறைந்தது அதே அளவு இருக்க வேண்டும்.

விண்டோஸின் "செக் டிஸ்க்"கை இந்த நிலையில் ஓட்டவே கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன். அது கோப்பு அமைப்பைச் சரிசெய்கிறேன் என்று, செத்துக்கொண்டிருக்கும் தட்டின் மேலேயே எழுதும். நல்ல டிஸ்க்குக்கு அது மருந்து, இந்த டிஸ்க்குக்கு விஷம்.

இன்னொரு பூட்டும் இருக்கிறது. புதிய விண்டோஸ் லேப்டாப்புகளில் பல, உங்களைக் கேட்காமலே டிஸ்க்கை பிட்லாக்கரால் பூட்டிவைத்திருக்கும். லினக்ஸில் திறந்தால் ஒன்றும் தெரியாது. 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். பொதுவாக அது லேப்டாப்பை முதலில் திறந்தபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பிரச்சினை என்னவென்றால், அந்தக் கணக்கை அன்றைக்குக் கடையில் யாரோ தொடங்கிக் கொடுத்திருப்பார்கள், கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. லேப்டாப் நன்றாக இருக்கும்போதே இன்றைக்குப் போய் அந்த எண்ணைத் தேடித் தாளில் எழுதிவையுங்கள்.

டிக் சத்தம் கேட்டவர்களுக்கு ஒரே வழி, தூசு புகா அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிலையங்கள்தான். கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா பக்கம் அவை இருக்கின்றன. சில நூறு வெள்ளியில் தொடங்கி ஆயிரங்களுக்குப் போகும். அந்தத் தொகைக்குத் தகுந்த விஷயம் அதற்குள் இருக்கிறதா என்பதைக் குடும்பம்தான் தீர்மானிக்க வேண்டும். சில வீடுகளில் இல்லை என்பதே நேர்மையான பதில். தீர்மானிக்கும்வரை டிஸ்க்கை எடுத்து ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள். அணைந்து கிடக்கும் டிஸ்க்கின் நிலை சீக்கிரத்தில் மோசமாகாது.

வெள்ளத்தில் நனைந்தது வேறு கதை. 2021 டிசம்பர் 17, 18 தேதிகளில் சிலாங்கூரில் கொட்டிய மழையில் ஷா ஆலாமின் ஸ்ரீ மூடாதான் செய்தியில் அடிபட்டது. கோல சிலாங்கூர் மாவட்டத்திலும் மக்கள் நிவாரண மையங்களுக்குப் போனார்கள். பழைய லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கில் காற்று போய்வரச் சிறு துளை உண்டு, அதை அடைக்கக் கூடாது என்று தாளிலேயே எழுதியிருக்கும். சேற்று நீர் அந்த வழியாகவும் இறங்கும். வெயிலில் காயவைத்து, அரிசியில் புதைத்து, பிறகு திறந்து பார்ப்பது பலரின் வழக்கம். நீர் காய்ந்தாலும் சேறு தட்டில் ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் முனை ஓடினால் எல்லாம் முடிந்தது. நனைந்ததைக் காயவைக்காமல் உறையில் போட்டு மூடி, அப்படியே மீட்பு நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மழையோடு வரும் இடி மின்னலில் போவது பெரும்பாலும் சார்ஜரும் போர்டும்தான். மாலையில் வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

பிரதி எடுத்தாகிவிட்டதா? இனி கடைக்குப் போகலாம். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "தம்பி, டேட்டா எடுத்தாச்சு. பழைய டிஸ்க்கைக் கழட்டி என்கிட்டயே கொடுத்துடுங்க. எஸ்எஸ்டி போடுங்க." பிரதி எடுக்காமல் போகிறவர்கள் வேறு மாதிரிச் சொல்ல வேண்டும்: "உள்ள டேட்டா இருக்கு. எதையும் அழிக்காம, முதல்ல காப்பி எடுத்துக் காட்டுங்க." இதை ரசீதிலும் எழுதி வாங்குங்கள். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. பத்து நிமிஷம் எடுத்த பழைய லேப்டாப் அரை நிமிஷத்தில் திறக்கும். புது லேப்டாப் வாங்க நினைத்தவர்கள் இதைப் போட்டுவிட்டு இன்னும் இரண்டு வருஷம் ஓட்டலாம். ஆனால் எஸ்எஸ்டி சாகும்போது டிக் சத்தம்கூடத் தராது. நேற்று இருந்தது, இன்று இருக்காது. அழித்த கோப்பை அதிலிருந்து மீட்பதும் ஹார்ட் டிஸ்க்கைவிடக் கடினம். மலிவு விலைப் பள்ளி லேப்டாப்புகள் சிலவற்றில் இஎம்எம்சி என்ற சேமிப்புச் சில்லை போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள். அது போனால் மாற்ற டிஸ்க் என்று ஒன்று கிடையாது, போர்டோடு போச்சு. வாங்கும் முன் கேட்டுக்கொள்வது நல்லது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதையும் கணக்கில் வையுங்கள். உங்கள் லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறாது என்றால், எஸ்எஸ்டி போடும் கையோடு லினக்ஸை ஏற்றச் சொல்லலாம். கோயில் கணக்குக்கும் பள்ளிப் பாடத்துக்கும் அது தாராளம்.

எடுத்த பிரதியை அதே லேப்டாப் பையில் வைக்காதீர்கள். ஒன்று உங்கள் அலமாரியில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டில். கோயில் கணக்கு என்றால் பொருளாளரிடம் ஒன்று. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் அளவு சுருங்கிப்போன படம். அதைப் பிரதி என்று எண்ணக் கூடாது.

கழற்றிய பழைய டிஸ்க்கை மூன்று நாலு மாதம் வைத்திருங்கள். ஏதாவது விட்டுப்போனது அப்போதுதான் தெரியவரும். அதற்கப்புறம் பழைய இரும்புக்காரரிடம் அப்படியே போட்டுவிடாதீர்கள். அதில் உங்கள் மைகாட் இருக்கிறது. இன்னும் ஓடுகிற டிஸ்க் என்றால் முழுதாக அழித்தெழுதலாம். ஓடாததைத் தடித்த துணியில் சுற்றிச் சுத்தியால் ஓங்கி அடியுங்கள். லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடியால் ஆனது, உள்ளேயே நொறுங்கிவிடும், குலுக்கினால் சலசலக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், துணியை உதறாதீர்கள். மலேசியச் சட்டத்தில் மின்னணுக் கழிவு எஸ்டபிள்யூ110 என்ற எண்ணில் அட்டவணைக் கழிவாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதனால் வீட்டுக் குப்பையோடு போடாமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.